ஒரே மனம், ஆறு கட்டங்கள்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் சர்வர்களைக் கவனிப்பவர்களுக்கு, ஒரே திரையைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் டிமக்ஸ் என்ற மென்பொருள் பழகிய கருவி. கன்ட்ரோலையும் ‘பி’யையும் சேர்த்து அழுத்தி, விட்டு, சதவீதக் குறியைத் தட்டினால் திரை இடம் வலமாகப் பிரியும், ‘சி’ தட்டினால் புது விண்டோ, ‘டி’ தட்டினால் ஆள் வெளியே வந்துவிடலாம். பஸ்ஸில் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

பார்ப்பவர் மட்டும் ஒருவர்தான். அவர் மனம் எத்தனை கட்டங்களில் இருக்கிறது?

நியாய தரிசனம் என்ற தத்துவ மரபில் இதற்குப் பதில் உண்டு. ஒரே கணத்தில் இரண்டு அறிவுகள் தோன்றாமையே மனம் என ஒன்று இருப்பதற்கு அடையாளம் என்கிறது கௌதமரின் நியாய சூத்திரம். எடுத்துக்காட்டாக, அடுக்கிய நூறு தாமரை இதழ்களை ஊசி ஒவ்வொன்றாகத்தான் துளைக்கிறது. வேகத்தால் ஒரே குத்தாகத் தெரிகிறது.

அப்படியானால் சதாவதானம்? 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களில் கவனம் நிறுத்திக் காட்டினார் செய்குத்தம்பிப் பாவலர். முதுகில் விழும் நெல்லை எண்ணுவது, மணியோசையைக் கணக்கிடுவது, கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடுவது என எல்லாம் கலந்து வரும் கலை அது. நியாயத்தை அது பொய்யாக்கவில்லை. அவதானியின் திறமை, விட்ட இடத்தை மறக்காமல் திரும்பி வருவதில் இருக்கிறது. டிமக்ஸ் அந்த நினைவை இயந்திரத்திடம் ஒப்படைக்கிறது. கவனத்தை ஒப்படைக்க முடியவில்லை.

இரவுப் பணியில் ஒருவரை உட்காரவைத்து, ஆறு கட்டங்களையும் ஒருசேரக் கவனிக்கச் சொல்லும் மேலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.