காணாமையும் இன்மையும்: மரபுச்சின்னப் பட்டியலாக்கத்தின் அறம்

முன்னுரை

ஒரு கட்டடத்தின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது அதனைக் காப்பதாகுமா? பட்டியலில் உள்ள கட்டடம் நிலத்தில் இல்லையெனில் பட்டியலிடுவோர் செய்யத்தக்கது யாது? தன்னார்வலர்கள் கூடித் தொகுக்கும் இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் இந்தியாவின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அப்பணியை முன்வைத்து எழும் இவ்விரு வினாக்களையும் ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. தமிழ் அளவையியல் மரபு இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றது.

பட்டியலின் இயல்பு

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் உள்ளன. துறையின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு விக்கிப்பீடியாத் தன்னார்வலர்கள் மாநிலந்தோறும் பட்டியல்களை அமைத்துள்ளனர். ஒவ்வொரு நிரையிலும் அடையாள எண், சின்னத்தின் பெயர், ஊர், மாவட்டம், அகலாங்கு நெட்டாங்குக் குறிப்பு, ஒளிப்படம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. படங்களைத் திரட்டும் பொருட்டு நெதர்லாந்தில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒளிப்படப் போட்டி, 2011இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும், 2012இல் இந்தியாவுக்கும் விரிந்தது. அவ்வாண்டு உலக அளவில் முதற்பரிசு பெற்றது தில்லியிலுள்ள சப்தர்சங் கல்லறையின் படமாகும்.

புகழ்பெற்ற சின்னங்களுக்குப் படங்கள் குவிகின்றன. வேறு பல நிரைகளில் படத்திற்குரிய கட்டம் வெறுமையாக நிற்கின்றது. இவ்வெறுமைக்கு இரு பொருள்கள் இருத்தல் கூடும். அவ்விடத்திற்கு எவரும் செல்லவில்லை என்பது ஒன்று. சென்றவர் சின்னத்தைக் காணாது திரும்பினார் என்பது மற்றொன்று. முன்னது காணாமை; பின்னது இன்மையாக இருக்கலாம். வெற்றுக் கட்டம் இவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. பட்டியலாக்கத்தின் அறச்சிக்கல் இங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

காணாமற்போன சின்னங்கள்

இஃது ஏட்டளவில் எழும் ஐயம் அன்று. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, நேரில் ஆய்வு செய்யப்பெற்ற 1,655 சின்னங்களுள் 92 காணப்படவில்லை எனத் தெரிவித்தது. பின்னர் அவற்றுள் 42 சின்னங்களின் இருப்பைத் தொல்லியல் துறை உறுதிசெய்தது. எஞ்சிய 50 குறித்து 2022 திசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. அதன்படி 14 சின்னங்கள் நகர விரிவாக்கத்தால் மறைந்தன; 12 சின்னங்கள் அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கின; 24 சின்னங்களின் இருப்பிடமே அறியக்கூடவில்லை.

இவற்றுள் முதல் இருவகையினவும் இன்மையைச் சார்ந்தவை. அழிந்த காரணமும் அறியப்பட்டுள்ளது. மூன்றாம் வகையின் நிலை வேறு. தேடியும் கிட்டவில்லை என்பதே அங்குக் கூறத்தக்கது. முற்காலத்து அறிவிக்கைகள் சில ஊர்ப்பெயரை மட்டும் சுட்டி, எல்லையோ திசையோ கூறாமல் விட்டமையும் இதற்கு ஒரு காரணமாகும். எனவே அவற்றை அழிந்தவை எனத் துணிந்து கூறுதற்கும் இடமில்லை. 92இல் 42 மீண்டும் அறியப்பட்டமை, காணாமையை இன்மையெனக் கொள்ளல் பிழையாகும் என்பதற்குத் தக்க சான்றாகும்.

சட்டத்தின் சொல்

அந்த 24 சின்னங்களுள் 18ஐப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான அறிவிக்கை 2024 மார்ச்சு மாதத்தில் வெளியிடப்பட்டது. தில்லி முபாரக்பூர் கோட்லாவின் இஞ்ச்லாவாலி கும்டி, அரியானாவின் முசேசர் ஊரிலுள்ள கோசு மினார், ஆங்கிலேயப் பீரங்கி வீரர் பர்க்கில் என்பாரின் கல்லறை ஆகியன அவற்றுள் சில. உலகப் பரிசு பெற்ற கல்லறையும் இருப்பிடம் அறியப்படாத கும்டியும் ஒரே நகரத்தைச் சார்ந்தவை என்பது நோக்கத்தக்கது.

இந்நீக்கம் 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி அமைவது. ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவம் உடையதாக இருத்தல் ஒழிந்தது என அறிவிப்பதற்கு அப்பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. ‘அழிந்தது’ என்றோ ‘இழந்தோம்’ என்றோ ‘தேடிக் காணவில்லை’ என்றோ அது கூறுவதில்லை. இங்குக் காணாமை முதலில் இன்மையாகவும், இன்மை பின்னர் முக்கியத்துவமின்மையாகவும் மாறிவிடுகின்றது. காப்பவர் பக்கம் நிகழ்ந்த குறை, காக்கப்பட வேண்டிய பொருளின் குறையாக எழுதப்படுகின்றது. நிருவாக நோக்கில் இது தவிர்க்கவியலாததாக இருக்கலாம். இல்லாத கட்டடத்திற்குக் காவலரை அமர்த்துதல் இயலாது. ஆயினும் கலைக்களஞ்சியம் அச்சொல்லை அவ்வாறே ஏற்று, தன் பட்டியலிலிருந்தும் அந்நிரையை நீக்குமாயின் அது பொய்மைக்குத் துணைபோவதாகும்.

அளவைகளும் தன்னார்வலரும்

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். காண்டல், கருதல், ஆகமம், ஐதிகம், அபாவம் ஆகியன அவற்றுள் அடங்கும். ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லையென அறிதலையும் தனியோர் அளவையாக அம்மரபு எண்ணியுள்ளது. அளவைகள் பலவாயினும் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் கொள்கை. எம்முறையில் எண்ணினும், இன்மை என்பதும் நிறுவப்பட வேண்டிய ஓர் அறிவே என்பது பெறப்படும்.

விக்கிப்பீடியாவின் நெறியோ உரையளவையை முதன்மையாகக் கொண்டது. வெளியிடப்பெற்ற சான்று இன்றி எதனையும் எழுதலாகாது. சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஆகவே முசேசருக்குச் சென்று திரும்பிய ஒருவர், ‘அங்குச் சென்றேன், காணவில்லை’ என்று கட்டுரையில் எழுதுதல் கூடாது. தாம் கண்டதை மறைத்து, அரசுப் பட்டியலில் உள்ளதைப் படியெடுக்குமாறு நெறியே ஒருவரைக் கட்டாயப்படுத்துகின்றதே என்னும் மனக்குறை இங்கு எழுவது இயல்பு.

ஆயின் இந்நெறிக்கும் அறஞ்சார்ந்த நியாயம் உண்டு. 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடை உண்டு. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எனவே ஒரு சின்னம் இல்லையெனக் கூறுவதில் ஆதாயம் காண்போரும் உளர். தனியொருவரின் சொல்லால் இன்மையை நிறுவலாம் எனின், ஆக்கிரமிப்போனின் சொல்லுக்கும் அதே மதிப்பை அளிக்க நேரும். ஆதலின் சான்று கேட்கும் நெறி உண்மையைத் தடுக்கும் சுவர் போலத் தோன்றினும், பொய்யைத் தடுக்கும் வேலியுமாகும்.

இம்முரணைத் தீர்க்கும் வழி அக்களஞ்சியத்தின் அமைப்பிலேயே உள்ளது. தன்னார்வலர் எடுத்த ஒளிப்படத்திற்கு அங்கு இடமுண்டு. இடமும் நாளும் குறிக்கப்பெற்ற படம் காண்டல் அளவையின் பாற்பட்டது. உரையாடற் பக்கத்தில் தம் தேடலைப் பதிவுசெய்தலும் தகும். தணிக்கையறிக்கையையும் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையையும் சான்றாகக் காட்டி, ‘இருப்பிடம் அறியப்படவில்லை’ என்று ஆண்டுடன் நிரையில் எழுதலாம். ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் நிலைப்பதால், எவர், எந்நாளில், எதனை மாற்றினார் என்பதும் மறைவதில்லை.

முடிவுரை

நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, காவலர் அமர்த்தப்பட்ட சின்னங்கள் 248 மட்டுமே. ஏனையவற்றுட் பலவற்றுக்கு, எங்கோ ஒருவர் நேரிற் சென்று குறித்த அகலாங்கும் நெட்டாங்கும் பிற்காலத்தார் தேடிச் செல்லுதற்கு உதவும் வழியாக அமையக்கூடும். பட்டியல் கட்டடத்தைக் காப்பதில்லை. ஆனால் அது காக்கப்படவில்லை என்பதை அறிவதற்குப் பட்டியல் வேண்டும்.

ஆகவே பட்டியலிடுவோரின் கடமை மூன்று எனலாம். கண்டதை இடமும் காலமும் குறித்து எழுதுதல் முதலாவது. காணாததைக் காணாதது என்றே எழுதி, இன்மை எனத் துணியாதிருத்தல் இரண்டாவது. இன்மை உறுதியான பின்னரும் நிரையை நீக்காது, இழந்த காரணத்தோடு நிலைநிறுத்தல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே அரியது. நீரில் மூழ்கிய கோயிலின் பெயர் பட்டியலில் நிற்கும்வரை, அவ்வணையின் பயனைக் கணக்கிடுவோர் அதன் விலையையும் கணக்கிட வேண்டியிருக்கும். அப்பெயரும் நீக்கப்படின், இழப்பு நேர்ந்தது என்பதற்கான சுவடும் அதனுடன் மறையும்.