வாசம் அடங்கும் இடம்

விடியுமுன் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தைக்குள் நுழைகிறவரின் மூச்சு ஒரு கணம் தயங்கும். பிச்சிவெள்ளையும் சம்பங்கியும் கொழுந்தும் துளசியும் கலந்து வரும் வாசம் மனத்தை அப்படியே ஏந்திக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக அங்கே பூத் தொடுப்பவர்களின் முகத்திலோ அந்த மயக்கம் தெரிவதில்லை. வாசம் அவர்களைச் சூழ்ந்தே இருக்கிறது. ஆனாலும் இழுப்பதில்லை.

அவர்கள் மணத்தை இழந்துவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். அவசரப்படாமல், சற்று உள்ளே போய்ப் பார்ப்போம்.

மனித மூக்கின் மேற்பகுதியில் ஏறக்குறைய 400 வகை உணர்வேற்பிகள் மணத்துக்காகக் காத்திருக்கின்றன. இத்தகைய ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூக்கு பெற்ற செய்தி மூளையின் முகர்குமிழைத் தொட்டு, உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளுக்குச் செல்கிறது. வழிநெடுக ஒரு நரம்பணு அடுத்ததிடம் பேசுவது ஒரு நுண்ணிய இடைவெளி வழியாக. அந்தச் சந்திப்பே சினாப்ஸ். பழகப் பழகச் சில சினாப்ஸ்கள் வலுக்கின்றன, சில தளர்கின்றன. நாம் எதில் வாழ்கிறோமோ, அது நமக்குள் மெல்ல மெல்லத் தன் வழியை அமைத்துக்கொள்கிறது.

இந்தத் தேடலில் நம் நாட்டுக்கு நெடிய பங்கு உண்டு. அறிவியலாளர் ஒபைத் சித்திக்கியும் அவர் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் பழ ஈயின் முகரும் புலனை ஆராயத் தொடங்கினார்கள். அந்த வழியில் ரோட்ரிக்ஸும் மணி ராமசுவாமியும் குழுவினரும் செய்த ஓர் ஆய்வு என்னை வெகுநாள் நிறுத்தி வைத்தது. ஈக்களை 4 நாள் ஒரே மணத்தில் இருத்தினார்கள். அவை அந்த மணத்தைப் பொருட்படுத்தாமலாயின. மணத்தை உணரும் அணுக்கள் களைத்துப்போனது காரணமில்லை. அவற்றின் செய்தியை அடுத்து ஏந்திச் செல்லும் அணுக்களை அமைதிப்படுத்தும் நரம்பணுக்களின் சினாப்ஸ்கள் வலுப்பெற்றிருந்தன. வேறொரு மணம் வந்தபோது ஈ முன்போலவே விழித்துக்கொண்டது. பழகிய மணத்திலிருந்து விலக்கிச் சில நாள் வைத்தபோது, அந்த அமைதியும் கரைந்தது. ஆய்வு வெளிவந்தது 2011இல். ரோட்ரிக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்.

மனித மூளை ஈயின் மூளையைவிட எவ்வளவோ பரந்தது. அதன் வழிகளும் பல. ஆயினும் இந்தச் சிற்றுயிர் காட்டுவதை அருகிருந்து பார்ப்போம். அமைதியை நாம் வெறுமை என்று நினைக்கிறோம். எல்லாம் ஓய்ந்தபின் எஞ்சுவது என்று நினைக்கிறோம். அதுவோ உள்ளே வளர்கிறது, வலுக்கிறது, பழக்கத்தால் உருவாகிறது. வாசம் வந்துகொண்டே இருக்கும்போதே மனம் அடங்கக் கற்கிறது. ஆசையும் வந்துகொண்டேதான் இருக்கும். அதை விரட்ட வேண்டியதில்லை. அது வரும்போதெல்லாம் அசையாமல் இருந்து பழகினால், அசையாமை நமக்குள் வேர் பிடிக்கும். பழகுவதை விட்டால் வேர் தளரும். அதனால்தான் தியானத்துக்கு விடுமுறை கிடையாது என்கிறேன்.

ஆனால் அடங்குதல் மட்டும் போதுமா? கூடவே இருக்கும் அன்பையும் நாம் இப்படித்தான் உணராமல் போகிறோம். பழகிய வீடு, பழகிய முகம், பழகிய மலைக்காற்று எல்லாமே மெல்ல மறைந்துவிடுகின்றன. இதை எண்ணும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது.

ஆறுதல் இருக்கிறது. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர், முகரும் ஆற்றல் குன்றியவர்களை ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரம் முகரச் செய்தார்கள். பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உணர்வு மேம்பட்டது. கொரோனாவில் மணம் இழந்தவர்களுக்கும் பின்னர் இதே பயிற்சி பரிந்துரைக்கப்பட்டது. அமைதி பழக்கத்தால் வருவதுபோல விழிப்பும் பழக்கத்தால் வருகிறது.

அந்த நான்கில் ஒன்றான கிராம்பு நம் மாறாமலைச் சரிவுகளில் விளைகிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, கண்மூடி, வேறெதையும் நாடாமல் மெல்ல முகருங்கள். மாலையிலும் முகருங்கள். 12 வாரம் விடாமல் செய்யுங்கள்.