மறைத்த வலி

பொட்டிபுரம் முதலிய அடிவார ஊர்களிலிருந்து போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் உண்டு. ஆண்டுக்கணக்கில் சரிவில் ஏறி இறங்கிய முழங்கால் ஒருநாள் நோகத் தொடங்குகிறது. அத்தகைய ஒருவர் கடும்நோய்க் காப்பீடு எடுக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் போன்று பத்திரத்தில் பட்டியலிட்ட நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும் ஒப்பந்தம் அது. காப்பீடு கூடுமா, கூடாதா என்னும் மார்க்க விவாதத்துள் இங்கு நாம் நுழையவில்லை. விண்ணப்பத்தில், முன்பே நோய் ஏதும் உண்டா என்றொரு கேள்வி இருக்கிறது. “பட்டியலில் மூட்டுவலி இல்லையே, எழுதினால்தான் வம்பு” என்கின்றனர் அருகிருப்போர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. மூட்டுவலி யாவும் ஒன்றல்ல. தேய்மானத்தால் வருவது ஒன்று. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் மற்றொன்று. பின்னது இதயநோய்க்கான வாய்ப்பையும் கூட்டுவது. எது பெரிது, எது சிறிது என்று முடிவு செய்ய வேண்டியவர் கேட்டவரே. சொல்வது நம் கடமை. சொன்னால் கட்டணம் கூடலாம். விண்ணப்பம் மறுக்கப்படவும் கூடும். மறைத்தாலோ, நோய் வந்து படுத்த நாளில் பத்திரம் வெறுங்காகிதமாகிவிடக் கூடும்.

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வணிகர் மாதிரியைப் பார்த்தே விலை கேட்கிறார். மாதிரி பொய்யானால் வாணிபமே பொய்யன்றோ? இங்கே விண்ணப்பமே மாதிரி. அங்காடியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட செய்தியை நாம் அறிவோம். 1766-இல் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவும், காப்பீட்டில் மறைக்காதிருக்கும் கடமை இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்றே தீர்ப்புரைத்தார்.

2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவக் காப்பீடு 60 மாதங்கள் இடையறாது தொடர்ந்தபின், நிரூபிக்கப்பட்ட மோசடிக்கன்றி, நோயைச் சொல்லவில்லை என்று காட்டி நிறுவனம் பணம் மறுக்க இயலாது. ஐந்தாண்டு வாய்மூடி இருந்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? மறதிக்குக் காட்டிய இரக்கம் வஞ்சனைக்கு உரிமம் ஆகாது. அந்நிதி நம்மைப் போன்ற பலர் கட்டிய பணம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆயின், மெய் சொன்னதால் மறுக்கப்பட்டவரை என்ன செய்வது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திற்குத் தகுதியுள்ளவராயின் அதில் சேர வழிகாட்டுவதும், நோயுற்றால் தோள் கொடுப்பதும் ஜமாஅத்தாரின் பொறுப்பு. மலையேறித் தேய்ந்த முழங்கால் அவர் செய்த குற்றமன்று. ஏலத்தின் மணத்தை நுகர்ந்தோர் அனைவருக்கும் அதில் பங்குண்டு. உண்மை சொன்னவனைத் தனியே விட்டுவிடும் ஊருக்கு, பொய் சொன்னவனைக் கடிய என்ன தகுதி இருக்கிறது?