பொருள் வரைதலும் பொது மின்சாரமும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைக்கப்பெற்றது பொருள் வரைதல். பொருளே வேண்டா என்பது துறவியர் நோன்பு. இவ்வளவு போதும் என எல்லை வகுத்துக்கொள்வது நம் நோன்பு. நிலத்துக்கும் பொன்னுக்கும் தானியத்துக்கும் எல்லை வகுத்த நம் முன்னோர் காலத்தில் மின்சாரம் இல்லை. இன்று அதற்கும் எல்லை வேண்டுமன்றோ? அதனை வகுக்க வேண்டியவர் யார்? அரசா, விலையா, நாமா?

இதனை ஆராய ஓர் உண்மை நிகழ்வு துணைசெய்கிறது. குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு சிற்றூர். டீசல் எஞ்சின் வைத்து நீர் இறைத்துவந்த அவ்வூர் உழவர் அறுவர், பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர்தம் வயல்களில் சூரியத் தகடுகள் நிறுவப்பெற்றன. பம்பு ஓடியது போக எஞ்சிய மின்சாரத்தைச் சங்கத்தின் வழியே மின் பகிர்மான நிறுவனத்துக்கு 2016ஆம் ஆண்டு முதல் விற்கலாயினர். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என 25 ஆண்டு ஒப்பந்தம். அதற்கு ஈடாக, மானிய விலை மின் இணைப்புக் கோரும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். 2018இல் குஜராத் அரசு இம்முறையைத் தழுவியதொரு திட்டத்தை மாநில அளவில் தொடங்கியது.

இதில் நாம் கருதத்தக்கது நீர். சூரிய பம்புக்கு எரிபொருட் செலவில்லை. ஆதலின் வெயில் உள்ளளவும் ஓடவிடுவதில் உரியவனுக்கு இழப்பில்லை. இழப்பு நிலத்தடி நீருக்கே. எஞ்சிய மின்சாரத்துக்கு விலை கிடைத்தபின், வேண்டாத நீரை இறைக்கும் ஒவ்வொரு நாழிகையும் இழப்பாயிற்று. பயனின்றி நீரைக் கொட்டுதலையும் தீ மூட்டுதலையும் அனர்த்த தண்டம் என்று விலக்கியது நம் அறநெறி. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும் உயிர்களே அல்லவா?

ஆயினும் ஒரு வினா எழுகிறது. பணம் வரும் என்று பம்பை நிறுத்துவது விரதமாகுமா? ஆகாது என்றே கூறவேண்டும். விரதத்துக்கு உயிர் கருத்து. நாளை மின்சாரத்தினும் நீருக்கு மிகுந்த விலை கிடைக்குமாயின், இன்று நிறுத்திய அதே கை பம்பை ஓட்டும். விலை ஆசையைத் திசைதிருப்புமேயன்றி அடக்காது.

அவ்வாறாயின் கூட்டுறவினால் பயன் யாது? விலை செய்ய இயலாத ஒன்றை அது செய்ய வல்லது. கூட்டுறவில் பங்கு எத்துணையாயினும் உறுப்பினருக்கு ஒரு வாக்கே என்பது கொள்கை. கணக்கு அனைவர் முன்னும் வைக்கப்பெறுகிறது. எவர் எவ்வளவு உற்பத்தி செய்தார், எவ்வளவு செலவிட்டார் என்பது அயலாருக்கும் தெரியும். விரதம் ஏற்பவர் தனியறையில் ஏற்பதில்லை; குருவின் முன்னும் சங்கத்தின் முன்னும் ஏற்கிறார். பிறர் அறிய வகுத்த எல்லையே தளர்ந்த நாளிலும் நம்மைத் தாங்கும். ஆனால் பங்குத்தொகை கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வாராதவருக்கு அது வெறும் வருவாய். எல்லையை மற்றவரோடு அமர்ந்து வகுப்பவருக்கே அது அறப்பயிற்சி.

மற்றொன்றும் உண்டு. நிலமும் கிணறும் உடையவரே இத்தகைய சங்கத்தில் சேர இயலும். கூலிக்கு உழைப்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். எல்லை வகுக்குங்கால் அவருடைய குடிநீரையும் எண்ணாத சங்கம், ஒருவர் பேராசையைப் பலர் பேராசையாக்கியதன்றி வேறென்ன?

வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பல இன்றும் உழுது வாழ்வன. நம் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடட்டும் என்று மோட்டாரை விட்டுவிட்டு உறங்கச் செல்கிறோம்; வரப்பு கடந்து நீர் வழிகிறது. இரவுணவை விலக்கி உயிர்களைக் காக்கும் நாம், அதே இரவில் இதனைச் செய்கிறோம். துண்டி உழவர் விலை கருதி நிறுத்தினர். விலையே இல்லாத இடத்தில் நிறுத்துவதுதான் விரதம். அதற்குச் சூரியத் தகடும் ஒப்பந்தமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜினாலய வழிபாடு முடிந்தபின் ஊரார் கூடி அமர்ந்து, எவ்வளவு இறைப்பது என்று நமக்குள் வரைந்துகொள்ளலாம். அங்ஙனம் எல்லை வகுக்கப் பழகியவர் நாளை மின் கூட்டுறவு அமைப்பாராயின், அது அறத்தின்மேல் எழுந்ததாகும்.