அறக்காயமும் கழுவாயும்

போரினால் மனிதனுக்கு நேரும் காயம் இருவகைத்து. பிறரால் தனக்கு இழைக்கப்பட்டது ஒன்று. தன்னால் பிறர்க்கு இழைக்கப்பட்டது மற்றொன்று. முன்னதை உளமருத்துவம் நன்கு ஆராய்ந்துள்ளது. பேரதிர்ச்சியின் பின்வரும் மன நெருக்கீட்டை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் நோயாக வகைப்படுத்திற்று. பின்னதோ நெடுங்காலம் பெயரின்றியே கிடந்தது. வியட்நாம் போரிலிருந்து மீண்டோருக்கு மருத்துவம் செய்த ஜொனதன் ஷே, 1994இல் வெளியிட்ட நூலில், அறம் பிறழக் கண்ட மனம் அடையும் சிதைவை எடுத்துக்காட்டினார். அதனை அறக்காயம் எனலாம். அஞ்சியவன் கேட்பது, 'எனக்கு என்ன நேர்ந்தது?' என்பது. அறக்காயமுற்றவன் கேட்பதோ, 'நான் என்ன செய்தேன்?' என்பது.

இவ்வினா தீவகத்தார்க்குப் புறம்பானதன்று. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்தனர் என உயிர்தப்பியோர் கூறினர். அன்று அப்படகில் ஏறிய கைகளுக்கு உரியோர் எங்கோ முதுமை எய்தியிருத்தல் கூடும். அவர்களுள் ஒருவனேனும் உறக்கமின்றித் தவிப்பானாயின், அத்தவிப்பை நாம் யாதெனக் கொள்வது?

நோய் என்று மட்டும் கொள்வோமாயின், மருந்து கொடுத்து உறங்கவைத்தல் போதுமானதாகும். ஆயின் அத்தவிப்பு ஓர் உண்மையையும் கூறுகின்றது. அவனுள் அறவுணர்வு இன்னும் இறந்துபடவில்லை என்பதே அவ்வுண்மை. நோவை ஆற்றுதல் வேண்டும். உண்மையை அழித்தல் கூடாது. குற்றவுணர்வு குற்றத்திற்கு விலக்களிப்பதுமன்று.

அவ்வுண்மையை எவரிடம் சொல்வது? இங்கே அசோகனின் வரலாறு சிந்திக்கத்தக்கது. கலிங்கப் போரில் நூறாயிரம் பேர் மடிந்ததற்குத் தான் வருந்துவதாக அவன் தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்திற் பொறித்தான். அச்சாசனம் வடமேற்கே ஷாபாஸ்கடியிலும் மேற்கே கிர்னாரிலும் உண்டு. கலிங்கத்திலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலுமோ அது இல்லை. அவ்விடங்களில் வேறு சாசனங்களே உள்ளன. கழிவிரக்கம் பிறர்க்கெல்லாம் உரைக்கப்பட்டது, இழந்தவர்க்கு உரைக்கப்படவில்லை. தமிழராகிய நாமோ பிற்காலத்துக் கலிங்கப் போர் ஒன்றைப் பரணியாகவே பாடினோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இக்குறை இன்றும் புலப்படும். நெடுந்தீவுக்குச் செல்வோரும், நயினாதீவு அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் செல்வோரும் அங்கேதான் படகேறுகின்றனர். முன்னாட் சிப்பாய் ஒருவன் விகாரையில் மலரிட்டு மனம் ஆறலாம். ஆயின் அவன் அருகில் நிற்கும் நெடுந்தீவுத் தாய் எதனையும் கேட்டிலள்.

இவ்வினா படையினரை மட்டும் நோக்கியதன்று. 1986இல் சகோதர இயக்கத்தவரைச் சுட்ட கைகளும், 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றிய கைகளும் நம்முடையனவே. 2009இன் பின் ஏறத்தாழப் பன்னீராயிரம் முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளிவந்தனர். அங்குத் தொழில் கற்கலாம். மனச்சாட்சியை எங்கு அவிழ்ப்பது? அரசின் அச்சம் ஒருபுறம் வாயை அடைக்கின்றது. நாம் சூட்டிய வீரன் என்னும் பெயர் மறுபுறம் அடைக்கின்றது. தெற்கில் 'ரணவிரு' என்னும் பட்டமும் அதனையே செய்கின்றது. வீரனாகவே இருக்கவேண்டியவன் வருந்தும் உரிமையை இழக்கின்றான்.

இழந்தவர்மீது மன்னிக்கும் கடனைச் சுமத்துவதோ இது எனச் சிலர் வினவலாம். அன்று. நெடுந்தீவுத் தாய் எவருடைய மனநோய்க்கும் மருந்தாக வேண்டியவள் அல்லள். உண்மையைக் கேட்பது அவள் உரிமை. மன்னிப்பதும் மறுப்பதும் அவள் விருப்பம். சொல்வது மட்டுமே செய்தவன் கடன். மன்னிப்புக் கிடைக்கும் என்னும் உறுதியின்றியும் சொல்லத் துணிவானாயின், அதுவே கழுவாயின் தொடக்கமாகும். அவ்வாறு சொல்வதற்கு அச்சமற்ற இடமொன்றை அமைத்துக் கொடுப்பது, இரு தரப்புச் சமூகங்களும் இன்னும் செய்யாது விட்ட பணியாகும்.