வீணாய்ப் போன பிள்ளையா?

ஏழெட்டு வயதிலேயே திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏந்திவிடும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களை மேடையில் ஏற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், "பெரிய ஆலிமாக வருவான்" என்று பெற்றோருக்கு உறுதி கூறுகிறோம். அதே பிள்ளை இருபத்தைந்து வயதில் குன்றத்தூர்ச் சாலையோரம் ஒரு லேத் பட்டறையில் நின்றால், "வீணாய்ப் போய்விட்டானே!" என்று பெருமூச்சு விடுகிறோம். இந்தப் பெருமூச்சுக்கு மார்க்கத்தில் இடம் உண்டா?

எது ஏற்றம், எது இறக்கம் என்று மனிதர் போடும் கணக்கு அடிக்கடி பொய்த்துப் போகிறது. இதே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் சோழ மன்னனின் அமைச்சராக இருந்தவர். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது அவர் எழுதிய நூல். அந்தப் பதவியை நினைப்பவர் சிலரே.

நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று உண்டு. 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், இளமையிலேயே கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்று ஆசிரியர் மெச்சும் மாணவராக விளங்கினார். கற்றவராக ஊர் திரும்புவார், தாய்மாமன் மகளை மணப்பார் என்று குடும்பத்தார் காத்திருந்தனர். அவரோ துறவு பூண்டு வெளியேறினார். பல ஊர்களில் அலைந்து, வடசென்னையில் தங்கி, 1838இல் மறைந்தார். அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு. அவருடைய பாடல்களைத் தமிழுலகம் போற்றுகிறது. ஆனால் அவர் வீட்டை விட்டு நடந்த நாளில், பிற்காலத்துப் புகழை யார் கண்டார்கள்? காத்திருந்த குடும்பத்துக்கு அது இழப்பாகவே தோன்றியிருக்கும்.

"அப்படியானால் வீட்டை விட்டுப் போகிறவரெல்லாம் மஸ்தானா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணம் முடிக்காமல் வணக்கத்திலேயே காலம் கழிக்க நினைத்த தோழர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தி, தமது நடைமுறையைப் பின்பற்றுமாறு கூறினார்கள். ஆகவே அவர் வழி நம் பிள்ளைகளுக்குச் சட்டமாகாது. திறமை அல்லாஹ் தந்த அமானத். கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தாய் என்ற கேள்வி மறுமையில் உண்டு என்பதை நபிமொழி நமக்கு உணர்த்துகிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவன் அல்லாஹ். மேடைக்கு எதிரே அமர்ந்து கைதட்டியவர்கள் அந்த அதிகாரத்தைத் தமதாக்கிக் கொள்ள முடியாது.

அப்படித் தமதாக்கிக் கொண்டால் என்ன நேரும்? அமெரிக்காவில் 1898இல் பிறந்த வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ், 1909இல் தம் பதினோராம் வயதிலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு அங்குள்ள கணித அறிஞர்கள் முன் சொற்பொழிவாற்றினார். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. வளர்ந்தபின் அவர் விரும்பியதெல்லாம் தனிமை ஒன்றே. சாதாரண எழுத்தர் வேலைகள் பார்த்தார். டிராம் வண்டிப் பயணச் சீட்டுகளைச் சேகரித்தார். 1926இல் அதைப் பற்றிப் புனைபெயரில் ஒரு நூலும் வெளியிட்டார். 1937இல் ஒரு பிரபல வார இதழ் அவர் வாழ்ந்த எளிய அறையைக்கூட விடாமல் துருவி எழுதிற்று. தம் அந்தரங்கத்தைக் கெடுத்ததாக அவர் வழக்குத் தொடுத்தார். முன்னர்ப் புகழ்பெற்றவர் பின்னர் என்ன ஆனார் என்பது பொதுமக்கள் அறியவேண்டிய செய்தியே என்று கருதி, 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. 1944இல், நாற்பத்தாறு வயதில், அவர் இறந்தார்.

அந்த நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லட்டும். நம் மார்க்கம் என்ன சொல்கிறது? பிறர் குறைகளைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. "அந்த ஹாபிழ் பையன் இப்போது என்ன செய்கிறான் தெரியுமா?" என்று தேநீர்க் கடையில் நாம் தொடங்கும் பேச்சு எந்த வகையைச் சேர்ந்தது? எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்வோம். அவன் ஏன் பட்டறைக்குப் போனான்? பள்ளிவாசலில் பணிபுரிவோருக்கு எத்தனை ஜமாஅத்துகள் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் தருகின்றன? பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போடத் தாராளமாக நீளும் கை, மாதச் சம்பளம் என்றதும் சுருங்கிவிடுகிறது. தாய் தந்தையரைக் காப்பாற்ற ஹலாலான உழைப்பைத் தேடிப் போனவனை, அவனுக்கு வாழ வழி செய்யாத நாமே பழிப்பது முறையன்று.

அந்த இளைஞனுக்கும் ஒரு சொல் உண்டு. தொழிலை மாற்றிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, தம்பி. நெஞ்சிலுள்ளதைக் கைவிட உரிமை இல்லை. கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நினைவிலிருந்து நழுவிவிடும் என்பது நபிகளாரின் எச்சரிக்கை. வேலை முடிந்து கையைக் கழுவிய பின் தினமும் கொஞ்சமேனும் ஓதிவா. ரமலானில் உன் வீட்டாருக்காவது தொழுவித்து வா. லேத் பட்டறை உன் அமானத்தைப் பறித்துவிடாது, மறதிதான் பறிக்கும்.

பெற்றோர்களே! பிள்ளையின் திறமை உங்கள் பெருமைக்காகத் தரப்பட்டதன்று. அவன் பெரியவனாக வேண்டும் என்று துஆச் செய்யுங்கள். எந்த வடிவில் பெரியவனாக வேண்டும் என்பதை அவனைப் படைத்தவனிடம் விட்டுவிடுங்கள். பயன் தராத கல்வியிலிருந்து நபிகளார் பாதுகாப்புத் தேடினார்கள். பயன் தரும் கல்வி எந்தக் கூரையின் கீழும் பயன் தரும். அத்தகைய கல்வியை நம் மக்களுக்கும், அவர்களைப் பழிக்காத நாவை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.