உயிர் எனும் அமானிதம்
அமெரிக்க பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே 2017 நவம்பர் 7 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மேல் தமது சிறிய விமானத்தைத் தனியே ஓட்டிச் சென்றார். தண்ணீரிலிருந்து வெறும் 11 அடி உயரத்திலும் பறந்ததாக விசாரணை அறிக்கை கூறியது. விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 40. மனைவியும் இரு மகன்களும் தவித்தனர்.

'அஜல் வந்துவிட்டது' என்கிறோம். உண்மைதான். ஆனால் அஜல் எப்போது என்பது நமக்குத் தெரியாது; உயரமும் வேகமும் தெரியும். அவ்வளவு தாழ்வில் தவறைத் திருத்த அவகாசமே இல்லை என்பதும் தெரியும். தெரிந்ததைப் பற்றித்தான் நாம் விசாரிக்கப்படுவோம்.

இறந்தவருக்குத் தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல. பைக்கில் சீறிப் பாயும் நம் பிள்ளைகளை நினையுங்கள். உயிர் அமானிதம், அதில் வீட்டாருக்கும் ஹக்கு உண்டு. அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.